பிடரியின் கடைசி முடி

பட்டன் ரப்பர் பாயை விட்டு இறங்க மாட்டேன் என்றான். அன்றைய கோபம் அங்கேதான் தொடங்கியது.

பட்டன் என் குதிரை. ஏறி உட்காருகிற குதிரை இல்லை, குட்டைக் குதிரை. அவன் முதுகு என் இடுப்புக்கு எட்டாது. கறுப்பு உடம்பு, விலாவில் வெள்ளைத் திட்டு, ஐந்து வயது. எதற்கும் அடம் பிடிக்காதவன். டிரெய்லரில் ஏறு என்றால் ஏறுவான். காதுக்குள் மெஷினை விட்டு முடி வழித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். அப்படிப்பட்டவன் கண்காட்சித் திடலில், லாயத்து வாசலில், பாயின் ஓரத்தில் நின்றுகொண்டு முன்னங்காலை நீட்டி வெளியே கிடந்த ஜல்லியைத் தொட்டுப் பார்த்தான். உடனே காலை உள்ளே இழுத்துக்கொண்டான். குளிப்பாட்டப் போகும் தண்ணீரில் சூடு பார்ப்பது போல இருந்தது எனக்கு. இன்னொரு கால். அதையும் இழுத்துக்கொண்டான்.

மண்டியிட்டு அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தேன். குளம்பு சுட்டது. அடிப்பாகத்தை அரத்தால் ராவு ராவென்று ராவி, இளஞ்சதை தெரிகிற வரைக்கும் கொண்டுபோயிருந்தார்கள். ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. அது ரத்தம் கட்டின நிறம் என்பது குதிரை வளர்க்கிற எவருக்கும் தெரியும். அடுத்த முன்னங்காலும் அதே கதை. பின்னங்கால்கள் இரண்டும் ஒழுங்காக இருந்தன.

முன்னங்கால்களை மட்டும் ராவினால் எது குறையும் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. உயரம் குறையும்.

ராய்ஸ் சாஸேஜ் வைத்த பன்னைத் தின்றுகொண்டே வந்தான். என் புருஷன். இந்தப் போட்டிக்கென்று வாங்கிய புது பூட்ஸைக் கண்ணாடி மாதிரி துடைத்துப் போட்டிருந்தான். அவன் பேண்டின் பின்பாக்கெட்டில் அரத்தின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. திருடின பொருளைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு திரிகிற திருடனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீதான ராவின?"

"காலங்காத்தால ஆரம்பிக்காத, வெல்டா."

"நீதானன்னு கேட்டேன்."

"நேத்து சாயங்காலம் வீட்ல அளந்து பாத்தேன். முப்பத்துநாலு அங்குலக் கோட்டத் தாண்டுது. ஒரு துளிதான். என்ன பண்ணச் சொல்ற? அப்படியே கூட்டிட்டு வந்து, தாண்டிட்டான், பதிவுப் பத்திரத்தக் கிழிச்சுக்கோங்கன்னு நிக்கச் சொல்றியா?"

"நடக்க முடியலடா அவனுக்கு!"

"போட்டி ரிங்குக்குள்ள பூரா மணல். மெத்து மெத்துன்னு இருக்கும். நொண்டறது யாருக்கும் தெரியாது. பத்து நாள்ல குளம்பு வளந்துரும். அவனே காலத் தூக்கிக் குடுத்தான், தெரியுமா? ஒரு உதறு உதறல. என்ன குதிரைடி அது!"

இதைப் பெருமையாகச் சொன்னான். அரத்தைக் கண்டதும் காலைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கத்தைப் பட்டனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். குட்டியாக என் மடியில் அடங்குகிற அளவில் இருந்தபோதே, அரத்தைக் காட்டுவேன், காலைத் தட்டுவேன், தூக்கினால் ஒரு துண்டு கேரட். பிறகு தட்டவே வேண்டியிருக்கவில்லை. அரம் கண்ணில் பட்டாலே போதும், கால் மேலே வந்துவிடும். லாயத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் ராய்ஸ் இதைச் செய்து காட்டிக் கைதட்டு வாங்குவான்.

"பூட்ஸக் கழட்டு," என்றேன்.

"என்னது?"

"கழட்டிட்டு இந்த ஜல்லியில குளிப்பாட்டற எடம் வரைக்கும் வெறுங்கால்ல நடந்து காட்டு. நீ நடந்துட்டா நான் வாயத் தொறக்கல."

"பைத்தியமாடி உனக்கு? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்!"

அவன் பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான். பக்கத்து லாயத்திலிருந்து கேலா எட்டிப் பார்த்தாள். அவளும் நானும் எத்தனையோ வருஷமாக ஒரே பிரிவில் மோதுகிறவர்கள். ஒக்லஹோமாவில் ஒரு சின்ன ஊர்ப் போட்டியைக்கூட விடமாட்டாள். அவள் வாய்க்குப் பூட்டுப் போட ஆள் பிறக்கவில்லை.

"என்னடி வெல்டா, காலைல பூசைக்கு மணி அடிச்சாச்சா? கொஞ்சம் மெதுவா அடி, என் குதிரைங்க மெரளுது."

"உன் குதிரைங்க உன்னப் பாத்தே மெரளாதப்போ என்னப் பாத்து என்னத்த மெரளப்போகுது? போடி."

கேலா சிரித்துக்கொண்டே தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ராய்ஸ் என் தோளில் கை வைத்தான். தட்டிவிட்டேன்.

ராய்ஸ் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், பட்டனுக்கு வயிற்றுவலி வந்தபோது லாயத்திலேயே வைக்கோல் மேல் படுத்துக் கிடந்தவன். ஆனால் தேசியப் போட்டி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனுஷன் கண்ணில் வேறு எதுவும் தெரியாது. போன வருஷம் பட்டன் இரண்டாவதாக வந்தான். அன்றிலிருந்து ராய்ஸுக்குத் தூக்கத்திலும் அதே பேச்சு.

"இங்க பாரு ராய்ஸ். இன்னிக்குப் பேரை எடுத்துரு. உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

"எடுத்துட்டு?"

"குளம்பு வளரட்டும்."

"குளம்பு வளந்தா உயரமும் வளரும். அப்பறம் மறுபடியும் ராவணும். எப்படியும் ஒருநாள் அளவுகோலுக்கு முன்னாடி நிறுத்தித்தான ஆகணும்? அஞ்சு வயசாச்சு. இதுதான் முக்கியமான அளவு. இன்னிக்கு அளவுல தேறிட்டா நிம்மதி."

"இன்னிக்குத் தேறிட்டா அடுத்த போட்டியிலயும் அளப்பாங்களே? அதுக்கு அடுத்ததுல?"

"அப்பப்போ கொஞ்சம் ராவிக்கறது. இவ்ளோதான! எல்லாரும் பண்றதுதான்."

அப்பப்போ கொஞ்சம். இந்த வார்த்தைதான் என்னை உடைத்தது. பட்டன் இன்னும் இருபது வருஷம், இருபத்தைந்து வருஷம்கூட இருப்பான். கோடை முழுக்கப் போட்டிகள். ஒவ்வொரு போட்டிக்கும் முந்தின நாள் இவன் அரத்தை எடுப்பான். பட்டன் காலைத் தூக்கிக் கொடுப்பான். கேரட் வரும் என்று நினைத்துத் தூக்கிக் கொடுப்பான்.

யாரிடம் போய் முறையிட? அளக்கிறவர் உயரத்தைத்தான் அளப்பார், காலைப் பார்க்க மாட்டார். நடுவரிடம் சொன்னால் இன்றைக்கு ஒருநாள் வெளியே அனுப்புவார். அடுத்த ஊரில் வேறு நடுவர், அதே அரம். பட்டனை இதிலிருந்து ஒரேயடியாக வெளியே எடுக்க ஒரு வழிதான் இருந்தது. ஐந்து வயதில் அளவு முப்பத்துநான்கு அங்குலத்தைத் தாண்டினால் சங்கம் பத்திரத்தை ரத்து செய்துவிடும். அதற்கப்புறம் எந்த ஊர் ரிங்கிலும் அவன் கால் வைக்க முடியாது.

"நான் போய் நம்பர் அட்டை வாங்கிட்டு வரேன்," என்றான் ராய்ஸ். "நீ மூஞ்சி வழிச்சு, எண்ணெய் போட்டு ரெடி பண்ணு. கோவத்துல கை கிய்யை ஆட்டிறாத. அந்தக் கடைசி முடி பத்திரம்."

அந்தக் கடைசி முடி. அதைப் பற்றி எனக்கே புத்தி சொல்கிறான்!

எங்கள் சங்கத்தில் உயரத்தைத் தோள்மேட்டின் உச்சியில் அளப்பதில்லை. பிடரி மயிர் எங்கே முடிகிறதோ, அந்தக் கடைசி முடி முளைத்த இடத்தில் அளப்பார்கள். மேட்டைத் தாண்டி முதுகு கீழே இறங்கும். ஆகவே கடைசி முடி எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு லாபம். பட்டனுக்கு மேட்டைத் தாண்டி, முதுகுச் சரிவில், ஒரு சின்னக் குச்சம் முடி இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய குச்சம். போட்டிக்கு முன்னால் உடம்பு முழுக்க முடி வழிக்கும்போது அதன் மேல் ஒரு டேப்பை ஒட்டிவிட்டுத்தான் மெஷினைக் கையில் எடுப்பேன். ஐந்து வருஷமாக அதைக் காப்பாற்றி வைத்திருந்தேன். எங்கள் ஆட்களில் புதிதாக வருகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, தெரியாமல் அந்த முடியை வழித்துவிடுவதுதான். வழித்துவிட்டால் அளவுகோல் நேராக மேட்டின் உச்சிக்குப் போய்விடும்.

நான் அந்தத் தப்பு செய்கிற ஆள் இல்லை. டெக்ஸஸிலிருந்தும் கான்ஸஸிலிருந்தும் எனக்கு ஆள் அனுப்புவார்கள், வெல்டா வந்து வழித்துவிட்டால் போதும் என்று. வேறு எதில் பெயர் எடுத்தேனோ இல்லையோ, இந்தக் கையால் எடுத்த பெயர் அது.

மெஷினைச் செருகினேன். பட்டன் மூக்கை என் வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றான். தாடையை வழித்தேன். கண்ணைச் சுற்றி வழித்தேன். காதுக்குள் வழித்தேன். மூஞ்சிக்கு எண்ணெய் தடவினேன். எல்லாம் ஒழுங்காக, ஒரு கோடு விழாமல். கோபத்தில் என் கை நடுங்காது. இன்னும் உறுதியாகும்.

பிறகு முதுகுச் சரிவிலிருந்த டேப்பைப் பிய்த்தேன். குச்சத்தை விரலால் பிடித்தேன். அழுகை வந்தது, சொல்லத்தான் வேண்டும். ரிங்கில் பட்டன் கழுத்தை நீட்டி நிற்கிற அழகு எனக்கும் பிடிக்கும். எனக்கும் முதல் பரிசின் அந்த நீல ரிப்பன் வேண்டும். ராய்ஸைவிட ஒரு மடங்கு கூடவே வேண்டும். அவன் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன், அவ்வளவுதான். பட்டனை அழகாக்குகிறவள் நான்.

வழித்தேன். ஒரே இழுப்பு. அந்த இடத்தில் மேலும் கீழும் தடவிப் பார்த்தேன், ஒரு முள்கூட இல்லை. மேட்டின் மேல் பிடரி எங்கே நின்றதோ அங்கேதான் இப்போது கடைசி முடி. எண்ணெய்த் துணியால் மேலே ஒரு துடை துடைத்ததும் வழித்த தடமும் மறைந்துவிட்டது.

ராய்ஸ் நம்பர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தான். பட்டனைப் பார்த்து விசில் அடித்தான். "ராஜா மாதிரி இருக்கான்டி!" முதுகை அவன் பார்க்கவில்லை. என் வேலையை அவன் என்றைக்கும் சரிபார்த்ததில்லை.

அளக்கிற கொட்டகை ஜல்லியைத் தாண்டி இருந்தது. லாயத்து ரப்பர் பாய்கள் இரண்டையும் எடுத்து, ஒன்று மாற்றி ஒன்றாகப் பட்டன் முன்னால் போட்டுக்கொண்டே போனேன். ராய்ஸ் முகக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மானத்த வாங்காதடி," என்று பல்லைக் கடித்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே சிமெண்டுத் தரை. வழவழப்பாக இருந்ததால் பட்டன் ஒருவழியாக நின்றான். ஹார்மன் என்ற பெரியவர்தான் அளக்கிறவர். அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், ரொம்பப் பேச மாட்டார். பின்னால் வரிசையில் குதிரைகளோடு ஆட்கள் நின்றார்கள். கேலா எங்களுக்கு அடுத்து நின்றாள்.

ஹார்மன் பிடரியைத் தடவிக்கொண்டே பின்னால் போனார். நிறுத்தினார். மறுபடி தடவினார்.

"ராய்ஸ், முடி இங்கயே முடியுதேப்பா?"

"இல்ல சார், இன்னும் பின்னால. ஒரு குச்சம் இருக்கும் பாருங்க. சரிவுல."

"எங்க? நீயே காட்டு."

ராய்ஸ் விரலை வைத்தான். தேய்த்தான். குனிந்து கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்துகொண்டே போனதை நான் பார்த்தேன்.

ஹார்மன் மேட்டின் உச்சியில் அளவுகோலின் கையை இறக்கினார். அதிலிருந்த மட்டக் குமிழி நடுவில் நிற்கிற வரைக்கும் காத்திருந்தார். "முப்பத்துநாலேகால்," என்றார். "மேல போயிடுச்சுப்பா. வருத்தமாத்தான் இருக்கு. யாரு முடி வழிச்சது?"

"நான்தான்," என்றேன்.

வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். கேலாவுக்குக் கொண்டாட்டம்.

"அடிப்பாவி! நேத்து வந்த குட்டிங்ககூட டேப்பு ஒட்டி வழிக்குதுங்க. வெல்டா போயி கடைசி முடிய வழிச்சிட்டியா? கை தவறிடுச்சாடி?"

அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராய்ஸின் கண்ணைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"என் கை எப்பவாவது தவறிப் பாத்திருக்கியா கேலா?"

அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. ராய்ஸுக்கு உடனே புரிந்துவிட்டது. அடிபட்ட மாதிரி ஒரு அடி பின்வாங்கினான். பிறகு அவன் முகம் மாறியது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"இன்னொரு தடவ அளக்கச் சொல்லிக் கேக்கறேன்," என்றான் ஹார்மனிடம். "சட்டத்துல எடமிருக்கு."

"இருக்கு. வெளிய கொஞ்சம் நடக்கவிட்டுக் கூட்டிட்டு வா. அப்பறம் அளக்கறேன். அதோட முடிவு."

ராய்ஸ் முகக்கயிற்றை இழுத்துக்கொண்டு வெளியே போனான். பாய்கள் உள்ளேயே கிடந்தன. பட்டன் ஜல்லியில் காலை வைத்தான். அவன் முதுகு வில்லாக வளைந்தது. முட்டைகளின் மேல் நடக்கிறவன் மாதிரி நாலு எட்டு வைத்து நின்றுவிட்டான். நான் பின்னாலேயே ஓடினேன். வரிசையில் நின்றவர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"எவ்ளோ திமிருடி உனக்கு?" ராய்ஸுக்குக் குரல் உடைந்துவிட்டது. "அஞ்சு வருஷ ஒழைப்பு! ஒரு நிமிஷத்துல... என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நீ சொன்னியா ராவறதுக்கு முன்னாடி?"

"கால் அங்குலம்! கால் அங்குலந்தான! இன்னும் எடுக்க எடம் இருக்கு." பின்பாக்கெட்டிலிருந்து அரத்தை உருவினான்.

நான் குறுக்கே பாய்ந்திருக்க வேண்டும். பாயத்தான் போனேன். அதற்குள் பட்டன் அரத்தைப் பார்த்துவிட்டான்.

காதை முன்னால் நீட்டினான். உடம்பின் பாரத்தையெல்லாம் ஒரு புண்ணான காலில் போட்டு, தடுமாறி, இன்னொரு புண்ணான காலை ராய்ஸுக்கு நேராகத் தூக்கிக் கொடுத்தான். ஜல்லியில் ஊன்றியிருந்த கால் நடுநடுங்கியது. தூக்கிய காலை அவன் கீழே போடவில்லை. மூக்கை நீட்டி ராய்ஸின் பாக்கெட்டைத் துழாவினான். கேரட்டைத்தான் தேடினான்.

ராய்ஸ் அனிச்சையாகக் குனிந்து காலைப் பிடித்துக்கொண்டான். நேற்று சாயங்காலம் மங்கலான விளக்கில் ராவியிருப்பான். இப்போது பளிச்சென்ற வெயில். உள்ளங்காலின் ரோஜாக் கோடு சிவப்புக் கோடாக மாறியிருந்தது. அவன் கையைப் பார்த்தேன். ஒரு கையில் கால், ஒரு கையில் அரம்.

"ராவு," என்றேன்.

அவன் அசையவில்லை.

"ராவு ராய்ஸ். அவனே தூக்கிக் குடுத்துட்டான்ல? ஒரு உதறு உதறலல்ல? எல்லாரும் பாக்கறாங்க, ராவு! இன்னும் எடம் இருக்குன்னு சொன்னியே, எங்க இருக்கு, காட்டு!"

"வெல்டா, போதும்டி," என்றாள் கேலா. அவள் குரலில் கிண்டல் இல்லை.

"நீ சும்மா இருடி! அவன் ராவட்டும்!"

அரம் ஜல்லியில் விழுந்த சத்தம் கேட்டது. ராய்ஸ் இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். கீழே விடப் போனான். கீழே கூர் கூராக ஜல்லி. கை பாதியில் நின்றது. சுற்றும் முற்றும் பார்த்தான். வைக்க இடமில்லை. கடைசியில் தன் காலை முன்னால் நகர்த்தி, அந்தக் குளம்பைத் தன் புது பூட்ஸின் மேலேயே மெதுவாக இறக்கிவைத்தான்.

பட்டன் பெருமூச்சு விட்டான். பாரத்தை மாற்றிக்கொண்டான்.

"என் பேரனோட டயபர் வண்டியில கெடக்கு," என்று கேலா ஓட ஆரம்பித்தாள். "டேப்பு வச்சிருக்கியா? குளம்புல வச்சு நாலஞ்சு சுத்து சுத்தினா மெத்த மாதிரி இருக்கும்." ஹார்மன் வாசலில் நின்று, இரண்டாவது அளவு வேண்டுமா என்று கேட்டார். ராய்ஸ் தலையைத் தூக்காமலே வேண்டாம் என்று ஆட்டினான். அவர் தன் தாளில் எதையோ எழுதிக்கொண்டு உள்ளே போனார். அதோடு பட்டன் எந்தப் போட்டிக்கும் உதவாத குதிரை ஆகிவிட்டான்.

ராய்ஸ் அழுதான். எனக்கு மனசு இளகவில்லை. இளகியது என்று எழுதினால் பொய்.

"இன்னொரு காலும் இருக்கு," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து அடுத்த குளம்பைத் தூக்கி, அடுத்த பூட்ஸின் மேல் வைத்துக்கொண்டான். பட்டன் இரண்டு முன்னங்காலும் அவன் பாதத்தில் ஊன்றி, அவன் நெஞ்சில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். பட்டன் நூறு கிலோ இல்லாவிட்டாலும், அவன் எடையில் பாதிக்கு மேல் ராய்ஸின் கால்விரல்மேல் இருந்திருக்கும். ராய்ஸின் உதடு வலியில் கோணியது.

"டயபர் வர்ற வரைக்கும் இப்படியே நில்லு," என்று சொல்லிவிட்டு, கேரட் எடுத்துவர லாயத்துக்குப் போனேன்.